எல்லாக் கலங்களுக்கும் ஒரே புரொமோட்டரா, ஈரலுக்கென்று தனியாக ஒன்றா?

திருகோணமலையில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்குப் பரம்பரையலகுச் சிகிச்சையை விளக்கும்போது பரம்பரையலகைக் கலத்துக்குள் கொண்டுசெல்லும் வைரசுக் காவியைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். பரம்பரையலகு எந்தக் கலத்தில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும் பங்குள்ள, அதை இயக்கிவைக்கும் டிஎன்ஏ பகுதியான புரொமோட்டருக்கும் அதேயளவு கவனம் வேண்டும்.

சைட்டோமெகலோ வைரசிலிருந்து பெறப்பட்ட சிஎம்வி புரொமோட்டர் பெரும்பாலான கலவகைகளில் வலுவாக இயங்குவதால் ஆய்வுகூட வளர்ப்புக் கலங்களுக்கு மிகவும் உகந்தது. உடலுக்குள், குறிப்பாக ஈரலில், அதன் டிஎன்ஏயில் மெதைல் கூட்டங்கள் சேர்ந்து நாளடைவில் அது அடங்கிவிடுவதுண்டு. வேண்டாத கலங்களில் புரதம் உருவானால் நோயெதிர்ப்புத் தொகுதி அதை எதிர்க்கவும் கூடும்.

ஈரலுக்குரிய எல்பி1 புரொமோட்டர், அப்போலிப்போபுரதப் பரம்பரையலகின் ஈரல் கட்டுப்பாட்டுப் பகுதியையும் ஆல்பா-1 அன்ரிட்ரிப்சின் புரொமோட்டரையும் சுருக்கி இணைத்து வடிவமைக்கப்பட்டது. ஈரற்கலங்களில் மிகுந்திருக்கும் எச்என்எஃப் போன்ற புரதங்கள் வந்து பிணைவதாலேயே அது உயிர்பெறுகிறது. அவை குறைந்த கலங்களில் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. ஏஏவி (அடினோவுடன் இணைந்த வைரசு) காவியில் ஏறக்குறைய 4,700 நியூக்கிளியோரைட்டுகளுக்கே இடமுள்ளதால், எல்பி1இன் சிறிய அளவும் பெரும் அனுகூலம். 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, குருதி உறைதல் குறைபாடான ஈமோபிலியா பி நோய்க்கான ஹெம்ஜெனிக்ஸ் என்ற பரம்பரையலகுச் சிகிச்சை இதையே பயன்படுத்துகிறது.

ஈரலே இலக்கென்றால் தயங்காமல் எல்பி1ஐயே தேர்வேன். பல இழையங்களில் புரதம் தேவைப்படும்போது ஈரலுக்குரிய புரொமோட்டர் போதாது.