ரென்-லெ-ஷாத்தோ: சோனியேர் அடிகளாரின் வளாகம், கோயில், அருங்காட்சியகம் – ஒரு மதிப்புரை

தென் பிரான்சின் ஓத் மாவட்டத்தில், கார்கசோன் நகருக்குத் தெற்கே, கூய்ஸா என்னும் சிற்றூரிலிருந்து வளைந்து ஏறும் மலைச்சாலையின் முடிவில் ரென்-லெ-ஷாத்தோ இருக்கிறது. மிகச் சிலரே நிலையாக வாழும் இந்த ஊரைத் தேடி உலகெங்கும் இருந்து மக்கள் வருவதற்கு, 1885இல் இங்கே பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்று 1917இல் மறைந்த பெராஞ்ஜே சோனியேர் என்னும் குருவானவரே காரணம். அவர் புதுப்பித்த மகதலா மரியா ஆலயம், அருகிலுள்ள பழைய பங்கு இல்லத்தில் அமைந்த அருங்காட்சியகம், அவர் கட்டிய பெத்தானி மாளிகை, மகதலா கோபுரம், தோட்டம் ஆகியவற்றை இன்று பார்க்கலாம். கோயிலுக்குக் கட்டணம் இல்லை. மற்றவற்றுக்குச் சீட்டு வாங்க வேண்டும். பெரும்பாலோர் நேராகக் கோபுரத்துக்குச் சென்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அருங்காட்சியகத்துக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏனென்றால், வருகிறவர்களில் பலர் மனத்தில் ஒரு கதையைச் சுமந்து வருகிறார்கள். இயேசுவுக்கும் மகதலா மரியாவுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள், அந்த இரத்தம் பண்டைய பிராங்கியரின் மெரோவிங்கிய அரச குலத்தில் கலந்தது, அதை ஒரு இரகசிய சபை காத்து வருகிறது, அதற்கான சான்றைக் கண்டெடுத்ததால்தான் சோனியேருக்குச் செல்வம் குவிந்தது என்பது அந்தக் கதை. உண்மையில் பணம் வந்த வழி வேறு. இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி கேட்டுப் பக்தர்களும் துறவற மடங்களும் அனுப்பிய காணிக்கையை அவர் ஆயிரக்கணக்கில் பெற்றார். ஒரு குரு தம் வாழ்நாள் முழுவதும் பலி நிறைவேற்றினாலும் தீராத எண்ணிக்கை அது. கார்கசோன் ஆயர் அவர்மீது திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்ததும், அவர் குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டதும், நிறைவேற்ற முடியாத பலிகளுக்குக் காணிக்கை பெற்ற இந்தக் குற்றத்துக்காகத்தான். தம் கையாலேயே அவர் எழுதிவைத்த கணக்குகள் எஞ்சியிருக்கின்றன. தம் பெற்றோரின் ஆன்மாவுக்காக எங்கோ ஒரு ஏழை அனுப்பிய சில்லறைக் காசில் எழுந்த மாளிகை இது என்பதை அறிந்துகொண்டு அந்தத் தோட்டத்தில் நடந்தால், எந்தப் புதையல் கதையும் தராத கனம் மனத்தில் ஏறும்.

அருங்காட்சியகத்தில் நான் நெடுநேரம் நின்ற இடம் பழைய செதுக்குத் தூணின் முன்னால்தான். சோனியேர் இதைக் கோயிலிலிருந்து எடுத்து, தலைகீழாக நிறுத்தி, லூர்து அன்னையின் சுரூபத்துக்குப் பீடமாக்கி, 1891ஆம் ஆண்டைப் பொறித்தார். இதற்குள் இரகசிய ஏடுகள் ஒளிந்திருந்தன என்று பிற்காலத்தவர் சொன்னார்கள். கல்லை நேரில் பார்த்தால் அந்தக் கூற்று எவ்வளவு நலிந்தது என்பது விளங்கும்.

கோயில் சிறியது, ஆனால் நிறங்கள் கண்ணைப் பறிக்கின்றன. வாயிலின் மேல், ‘இந்த இடம் அச்சத்துக்குரியது’ என்னும் பொருள்படும் இலத்தீன் வரி இருக்கிறது. இதைச் சாபம் என்று சொல்லிப் பயமுறுத்துவோர் உண்டு. விவிலியத்தில், பெத்தேலில் கனவு கண்டு விழித்த யாக்கோபின் வாய்மொழி அது. கோயில் அர்ச்சிப்புத் திருப்பலியின் தொடக்கப் பாடலிலும் வருவது. உள்ளே நுழைந்ததும் புனித நீர்த்தொட்டியைத் தோளில் தாங்கிக் குனிந்திருக்கும் சாத்தானும், அவனுக்கு மேலே சிலுவை அடையாளம் வரையும் நான்கு வானதூதர்களும் நிற்கிறார்கள். வென்றவரும் வெல்லப்பட்டவனும் யார் என்பதில் ஐயத்துக்கே இடமில்லாத வடிவமைப்பு. ஆனாலும் இந்தச் சாத்தான் சிலையின் தலை 1996இல் திருடப்பட்டது. 2017இல் கோடரியால் மீண்டும் தாக்கப்பட்டது.

கதை எப்படிப் பிறந்தது என்பதை அறிந்து செல்வது நல்லது. சோனியேரின் பணிப்பெண் மரி தெனார்னோவிடமிருந்து சொத்தைப் பெற்ற நோயல் கோர்பு, இங்கே உணவகமும் விடுதியும் நடத்தினார். 1956இல் அவர் சொன்ன புதையல் கதையை வட்டாரச் செய்தித்தாள் வெளியிட்டது. அதே ஆண்டில் பியேர் பிளாந்தார் என்பவர் ‘சியோன் மடம்’ என்ற பெயரில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார். 679இல் கொல்லப்பட்ட இரண்டாம் தகோபெர் என்னும் மெரோவிங்கிய அரசனின் வழித்தோன்றல் என்று தம்மைக் காட்டிக்கொள்ள அவர், 1960களில் பாரிசின் தேசிய நூலகத்தில் போலி ஆவணங்கள் சேரச் செய்தார். அவர் சொன்னது அரச இரத்தத்தைப் பற்றி மட்டுமே. அதில் இயேசுவைச் சேர்த்தவர்கள் 1980களில் ஆங்கிலத்தில் எழுதியவர்கள்.

பிராங்கிய அரசன் ஒருவன் வருவான் என்ற எதிர்பார்ப்பின் வேர் இன்னும் பழையது. ஏறத்தாழ 950இல் அத்சோ என்னும் துறவி அரசி கெர்பெர்காவுக்கு எழுதிய மடலில், உலக முடிவில் வருவதாகச் சொல்லப்படும் எதிர்க்கிறிஸ்து தோன்றும் முன் பிராங்கியரின் கடைசி மன்னன் எருசலேம் சென்று, ஒலிவ மலையில் தன் முடியையும் செங்கோலையும் இறைவனிடம் ஒப்படைப்பான் என்று எழுதினார். அந்த மன்னன் அதிகாரத்தைத் துறப்பதற்காகவே வருகிறான். பிளாந்தாரோ அதைக் கோருவதற்காக வந்தார். மரபின் இதயத்தையே பறித்துவிட்டு அதன் ஆடையை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம். மகதலா மரியாவுக்கு நேர்ந்ததும் அதுவே. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு திருத்தூதர்களுக்கு அறிவித்தவர் அவர். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் வழிபாட்டு நாட்காட்டியில் அவருடைய ஜூலை 22ஆம் நாள் நினைவை விழாவாக உயர்த்தியதும் அதனால்தான். அந்தச் சாட்சியை விட்டுவிட்டு, ஒரு குலத்துக்குத் தாய் என்பதை மட்டும் அவருடைய பெருமையாக்குவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும்.

இந்த வட்டாரத்தில் இறுதிக்காலக் கதைகளுக்கும் பஞ்சமில்லை. அருகிலுள்ள 1,230 மீட்டர் உயரமான புகாராஷ் மலை உலக அழிவிலிருந்து தப்பும் என்று நம்பப்பட்டதால், அந்த அழிவு நிகழும் என்று பேசப்பட்ட 2012 டிசம்பர் 21ஆம் நாளையொட்டி அதன் உச்சிக்குச் செல்ல அரசு தடை விதித்தது. அந்தப் பகுதியில் நான் நுழைந்த ஒரு கடையில் இரகசியக் குறியீடுகள் பற்றிய நூல்கள் அடுக்கடுக்காக இருந்தன. போலி ஆவணங்களை அம்பலப்படுத்திய ஆய்வு ஒன்றுகூட இல்லை. காசு கொடுத்து நான் கேட்ட தனியார் வழிகாட்டி ஒருவரும் காணிக்கை வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. தனி வழிகாட்டிக்குச் செலவிட வேண்டாம்.

சொந்த வாகனத்தில் வருவது எளிது. கோடையில் கூட்டம் மிகும், ஆகவே காலையிலேயே வந்துவிடுங்கள். சோனியேரின் கல்லறை இப்போது பழைய கல்லறைத் தோட்டத்தில் இல்லை. தோண்டுவோரின் தொல்லைக்கு அஞ்சி 2004இல் வளாகத்துக்குள் மாற்றிவிட்டார்கள். ஊரில் தோண்டுவதற்கும் பல்லாண்டுகளாகத் தடை இருக்கிறது. அருங்காட்சியகம், கோயில், பெத்தானி மாளிகை, கடைசியாகக் கோபுரம் என்ற வரிசையில் அரை நாள் ஒதுக்கிப் பார்க்கப் பரிந்துரைக்கிறேன்.