.22 பிஸ்டல்: சில ஆயிரம் தோட்டாக்களுக்குப் பிறகு எது நிற்கும், எது நிற்காது

.22 (குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) பிஸ்டலின் பேரலைச் சுட்டுச் சுட்டே தேய்த்துத் தீர்த்தவர்கள் அரிது. குண்டு மெல்லிய ஈயம், மேலே மெழுகுப் பூச்சு; .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கு வகுத்த அழுத்த வரம்பே 24,000 பிஎஸ்ஐ-தான் (சதுர அங்குலத்துக்கு ராத்தல்). பேரல் பல்லாயிரம் தோட்டா தாங்கும். கெடுவதெல்லாம் அதைச் சுற்றியுள்ள சில்லறைச் சாமான்கள்: சுட்ட உறையை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி, தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் வாய் விளிம்பு, தோட்டா அடுக்கும் மேகசினின் மேல் உதடுகள், குறிபார்க்கும் சைட்டைப் பிடித்திருக்கும் திருகுகள். ஆகவே "எது உழைக்கும்?" என்று கேட்பவர் பார்க்க வேண்டியது பேரலின் மினுக்கை அல்ல. இந்த நான்கும் எவ்வளவு காலம் தாங்கும், தாங்காதபோது கழற்றி மாற்றுவது எளிதா என்பதைத்தான்.

டப்பா, தகடு சுட்டுப் பொழுதுபோக்க எந்த .22-ம் போதும். முயல், அணில் அளவு வேட்டைக்கும் அதே துப்பாக்கி வேண்டுமென்றால் தேர்வு சட்டென்று சுருங்கிவிடும். கேள்வி ஒன்றே: சைட் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? பணித் துப்பாக்கிகளின் சாயலில் வரும் முழு ஸ்லைடு வகைகளில் (மேல்பாகம் முழுதும் ஓடுபவை) பின் சைட் ஸ்லைடின் மேல் இருக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னும் பின்னும் ஓடும். சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் பொருத்தினால் அதன் எடையும் சேர்ந்து ஓட வேண்டும். .22-ன் சின்ன உந்துதலுக்கு அது கூடுதல் சுமை; அழுக்கு சேர்ந்தவுடன் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல் மாட்டிக்கொள்ளும். பேரல் அசையாமல் நின்று, உள்ளே தோட்டாவைத் தள்ளி மூடும் போல்ட் மட்டும் ஓடும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. சைட்டும் பேரலும் ஒரே கட்டாக நிற்கும். 25 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் ஐந்து குண்டு போட வேண்டுமென்றால் இந்த வகைதான் கைகொடுக்கும்.

இந்த வகையில் அதிகம் புழங்குவது ரூகர் நிறுவனத்தின் மார்க் வரிசை. 1949-ல் வந்த ஸ்டாண்டர்டு மாடலின் வழியில் மார்க் 1, 1982-ல் மார்க் 2, பிறகு மார்க் 3, 2016-ல் மார்க் 4. நாலுக்கும் அடிப்படை ஒன்றுதான்: உருளைக் குழாய்க்குள் ஓடும் போல்ட். வேறுபாடு கையாளும்போது தெரியும். மார்க் 2 வரை மேகசின் விடுவிக்கும் கொக்கி கைப்பிடியின் அடியில். மார்க் 3-லிருந்து கட்டை விரலருகே பொத்தான். மார்க் 3 வரை கழற்றிப் பூட்டுவது தனிக் கலை. பூட்டும்போது துப்பாக்கிக்குள் இருக்கும் சுத்தியலின் பின்னால் உள்ள ஸ்ட்ரட் என்ற சிறு கம்பி சரியான குழியில் விழாவிட்டால் போல்ட் பாதி வழியில் நிற்கும். பலமாகத் தட்டினால் சரியாகிவிடும் என்று ரப்பர் சுத்தியலைத் தேடுவதற்கு முன், முனையை மேலும் கீழும் சாய்த்து ஸ்ட்ரட்டை இடத்தில் விழவைப்பதுதான் வழி. மார்க் 4-ல் பின்னால் ஒரு பொத்தான்; சுத்தியல் இழுபட்டு, சேஃப்டி போட்ட நிலையில் அழுத்தினால் மேல்பாகம் அப்படியே எழும்பி வரும். நாட்பட உழைப்பதில் இதற்கு நேரடிப் பங்குண்டு: கழற்றுவது எளிதாக இருக்கும் துப்பாக்கியைத்தான் ஆட்கள் சுத்தம் செய்கிறார்கள்.

பழைய மார்க் 4 வாங்குவோர் கவனிக்க: 2017 ஜூன் 1-க்கு முன் தயாரானவற்றுக்கு ரூகரே பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டுத் திரும்பப் பெற்றுச் சரிசெய்தது. சேஃப்டி நடுவாந்தரமாக நிற்கையில் விசையை இழுத்தால் அப்போது வெடிக்காது. பிறகு சேஃப்டியை விடுவிக்கும்போது வெடிக்கக்கூடும். வரிசை எண் WBR என்றோ 401 என்றோ தொடங்கினால், மாற்றுப் பாகம் போட்டதா என்று உறுதி செய்யாமல் வாங்கக் கூடாது.

ப்ரௌனிங் பக் மார்க் 1985-லிருந்து இருக்கிறது. விசையின் இழுப்பு பெட்டியிலிருந்து எடுத்தவுடனே நன்றாக இருக்கும்; ரூகரில் அதே சுத்தம் வர பெரும்பாலும் வெளிப் பாகம் மாற்ற வேண்டும். பலவீனம் இரண்டு. பின் சைட்டைத் தாங்கும் மேல்தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் அதிர்வில் தளரும். குழு, அதாவது இலக்கில் விழும் குண்டுத் துளைகளின் கூட்டம், திடீரென்று மேலும் கீழும் சிதறினால் தோட்டாவைக் குறை சொல்வதற்கு முன் அந்தத் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள். சுத்தம் செய்து பூட்டும்போது நீல நிற, அதாவது பிறகு கழற்றக்கூடிய, திருகுப் பசை ஒரு சொட்டு வைத்தால் தொல்லை தீரும். சிவப்புப் பசை வேண்டாம். திருகின் தலைதான் நாசமாகும். இரண்டாவது, ஸ்லைடின் பின்னோட்டத்தைத் தாங்கும் சின்ன பிளாஸ்டிக் பஃபர். நாளாக ஆக நொறுங்கும். நொறுங்கிய துண்டோடு சுட்டுக்கொண்டே இருந்தால் உலோகம் உலோகத்தில் மோதும். விலை அற்பம், ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்வதற்காக இதன் கைப்பிடிப் பலகைகளைக் கழற்றாதீர்கள். உள்ளிருக்கும் ஸ்பிரிங்குகள் தரையில் தேடும் வேலையைக் கொடுக்கும்.

ஸ்மித் அண்ட் வெஸனின் விக்டரி, விசைக் காப்புக்கு முன்னால் உள்ள ஒரே அறுகோணத் திருகில் நிற்கிறது. பேரல் மாற்றுவது சுலபம். அந்தத் திருகைக் கண்டபடி முறுக்கிக் கெடுக்காத வரை குறை சொல்ல அதிகமில்லை.

முழு ஸ்லைடு வகைகளில் டாரஸ் டிஎக்ஸ்22, 2020-ல் வந்த க்ளாக் 44 போன்றவை பயிற்சிக்கு ஏற்றவை. எடை குறைவு, பெரிய துப்பாக்கியின் பழக்கம் கைக்கு வரும். இந்த வகையில் வாங்குவதற்கு முன் ஸ்லைடு எந்த உலோகம் என்று கேளுங்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த ஸ்லைடுகளை அதிவேகத் தோட்டா போட்டு அடித்துக்கொண்டே இருந்தால் தேய்வும் விரிசலும் சீக்கிரம் வரும். அலுமினியமோ எஃகோ மேல்.

ரிவால்வர் பக்கம் போவோர்க்கு ஒரு பெரிய வசதி: ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் என்ற மூன்று .22 தோட்டா வகைகளையும் தின்னும்; மெதுவான தோட்டாவா, வேகமானதா என்று பார்க்காது. 1953-லிருந்து வரும் ரூகர் சிங்கிள்-சிக்ஸ் தலைமுறை கடந்து உழைக்கும் சாமான். 1973-க்கு முந்தையதில், விசை இழுக்காதவரை சுத்தியலின் அடி தோட்டாவுக்குப் போகாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் பார் இல்லை. பின்னால் அதைப் பொருத்தும் மாற்று வேலை செய்திராததாக இருந்தால் சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விட்டே எடுத்துச் செல்ல வேண்டும். .22 மேக்னம் சிலிண்டரும் சேர்ந்து வரும் மாடல்களில் லாங் ரைஃபிள் தோட்டாவை மேக்னம் சிலிண்டரில் போடக் கூடாது. உறை ஒல்லி என்பதால் உள்ளே ஆடும், பிளக்கும், வாயு பின்னால் பீறிடும். விசை இழுப்பிலேயே சுத்தியலும் எழும்பும் டபுள் ஆக்‌ஷன் .22 ரிவால்வரின் விசை கனமாக இருப்பது குறையல்ல. விளிம்பை நசுக்கி மருந்தைப் பற்றவைக்க சுத்தியல் ஓங்கி அடித்தாக வேண்டும். இழுப்பு லேசாகட்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டினால் பத்துக்கு இரண்டு வெடிக்காது. ஷார்ட் தோட்டா நிறையச் சுட்டபின் அறைக்குள் கரி வளையம் கட்டும். அதன்மேல் லாங் ரைஃபிள் முழுதாக உட்காராது. பித்தளைத் தூரிகையால் அறை அறையாகத் தேய்க்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் அடியில் எரியாத மருந்துத் துகள் ஒட்டினாலும் சிலிண்டர் சுழலாது. வெற்று உறைகளைத் தள்ளும்போது முனையை மேல் நோக்கிப் பிடித்தால் துகள் தானே கீழே விழும்.

பேரல் நீளம் வேட்டைக்கு ஐந்தரை அங்குலம் நல்ல நடுநிலை. அதற்கு மேல் போனால் கிடைக்கும் வேகம் சொற்பம்; சைட் இடைவெளிதான் லாபம். ரெட் டாட் வைப்பவருக்கு அதுவும் தேவையில்லை. இரும்பு உடல் கனமானது நிலையாக நிற்கும். நாள் முழுக்க இடுப்பில் தொங்கும்போது அதே கனம் வசை வாங்கும். நடந்து வேட்டையாடுவோர்க்கு ரூகரின் 22/45 லைட் போன்ற, ஒன்றரை ராத்தலை ஒட்டிய எடையுள்ளவை வசதி.

தோட்டாவில் சிக்கனம் பார்க்கும் முன் ஒரு கணக்கு. 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) அதிவேகத் தோட்டாவின் பெட்டியில் 1,235 அடி/வினாடி என்று அச்சிட்டிருப்பது ரைஃபிள் பேரலில் அளந்தது. பிஸ்டலில் ஏறத்தாழ 1,000-ஐ ஒட்டி வரும். முனையில் சக்தி 90 அடி-ராத்தல் அளவு. இந்த வேகத்தில் முனையில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு விரியும் என்று நம்பியிருக்க முடியாது. தட்டை முனை கொண்ட முழு ஈயக் குண்டு, விரியாமலே நல்ல வேலை செய்யும். 30 கிரெய்னை ஒட்டிய அதிவேக வகைகள் பெட்டியில் கவர்ச்சி. பிஸ்டலில் சத்தமும் போல்ட்டின் அடியும்தான் மிச்சம். ஸ்டிங்கர் போன்ற அதிவேகத் தோட்டாக்களின் உறை வழக்கத்தைவிட நீளம் என்பதால் இறுக்கமான போட்டிச் சேம்பர்களில் போடவே கூடாது. ஐந்தாறு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, கையைத் தாங்கலில் வைத்து 25 கெஜத்தில் வகைக்கு நான்கு குழுக்கள் சுட்டுப் பாருங்கள். ஒரே மாடலில் அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு துப்பாக்கிகளுக்கும் பிடித்த தோட்டா வேறாக இருக்கும்.

இனி தொல்லைகள். வெடிக்காத தோட்டா ரிம்ஃபயரின் (விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் தோட்டா வகையின்) பிறவிக் குணம். பற்றும் மருந்து விளிம்புக்குள் சுற்றிப் பரப்பப்படுகிறது. ஓரிடத்தில் விட்டுப்போனால் அங்கே அடித்துப் பயனில்லை. முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து 30 வினாடி காத்திருங்கள், வெளியே எடுங்கள், தடம் பாருங்கள். ஆழமான தடமிருந்தால் தோட்டாவின் குறை. வேறு பக்கம் திருப்பி ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். மங்கலான தடமென்றால் விளிம்பை அடிக்கும் ஃபயரிங் பின் ஓடும் பள்ளத்தில் கெட்டிப்பட்ட எண்ணெய், அல்லது போல்ட் முழுதாக மூடாதது. இதைவிட ஆபத்து, 'டப்' என்ற மெலிந்த சத்தம். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும். நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிட்டு, பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபடியும்.

உறை வெளிவராமல் மாட்டுவது அடிக்கடி நடந்தால் முதலில் சேம்பரைத் தேயுங்கள், பிறகு எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் பல்குச்சியால் கரியைச் சுரண்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கொக்கியின் முனை மழுங்கியிருக்கும். எக்ஸ்ட்ராக்டரையும் அதன் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றியும் தீரவில்லையா? சேம்பர் வாயில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால், வெறுமனே விசை இழுத்ததில் ஃபயரிங் பின் எஃகில் அடித்துப் பிசிறு எழுப்பியிருக்கிறது. ரூகர் மார்க் வகைகளில் இதைத் தடுக்க போல்ட்டுக்குள் ஒரு குறுக்கு முள் உண்டு. சுத்தம் செய்தவர் அதைத் திரும்பப் போட மறந்த துப்பாக்கியில்தான் இந்தத் தழும்பு வழக்கமாகத் தென்படும். பிசிறை அரம் போட்டு எடுக்காதீர்கள். சேம்பர் அயர்னிங் கருவி உலோகத்தைத் திரும்ப உள்ளே தள்ளும். தோட்டா இல்லாமல் விசை இழுக்கும் வெற்றுப் பயிற்சிக்கு, சேம்பரில் வைக்க, சுவரில் திருகு பதிக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர் போதும், ஒன்று நைந்ததும் அடுத்தது.

மேகசினில் தோட்டா தூக்கிக்கொண்டு நிற்பதற்குப் பெரும்பாலும் நிரப்பும் முறைதான் காரணம். பக்கப் பொத்தானை அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்தையும் கொட்டினால் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் விழும், இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இடம் கிடைக்கும் அளவே இழுத்து, மேல் விளிம்பு முன்னால் வரும்படி இறக்குங்கள். மேகசினுக்குள் எண்ணெய் விடாதீர்கள். மெழுகும் கரியும் சேர்ந்து சேறாகும். மேகசின்களுக்கு எண் போட்டு வையுங்கள். கோளாறு எப்போதும் 3-ம் எண்ணிலேயே வந்தால் துப்பாக்கியைப் பிரிக்க வேண்டியதில்லை.

சுத்தம் எவ்வளவு? போல்ட் முகம், சேம்பர், எக்ஸ்ட்ராக்டர் மூன்றும் 400, 500 தோட்டாவுக்கு ஒருமுறை. பேரலின் உட்புறம், குழு சிதறினால் மட்டும். அதிலும் முனைப் பக்கமிருந்து கம்பி விட நேரும் வகைகளில் முனை விளிம்பு தேயாமல் இருக்க பித்தளை வழிகாட்டி, அல்லது பின்னாலிருந்து இழுக்கும் கயிறு. போல்ட் ஓடும் தடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய். கை அழுக்கு ஈயம். சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டுக் கழுவிய பிறகு சாப்பாடு.

வேட்டையில் வைத்துக்கொள்ள வேண்டிய தூரம் துப்பாக்கி சொல்வதல்ல, கை சொல்வது. அணிலின் தலை ஒன்றரை அங்குலத்துக்குள். எந்தத் தூரத்தில் உங்கள் ஐந்து குண்டும் அந்த வட்டத்துக்குள் நிற்கிறதோ, அதுவே எல்லை. பலருக்கு அது 15 கெஜத்தைத் தாண்டாது. 25 கெஜத்தில் சைட் சரிசெய்தால் 50-ல் குண்டு சுமார் இரண்டு அங்குலம் இறங்கும். கைத்துப்பாக்கியால் வேட்டையாடவே அனுமதியில்லாத நாடுகள் பல; அதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மரக்கிளையில் வானத்தை நோக்கிச் சுடுவது அறவே கூடாது: தோட்டாப் பெட்டிகளே ஒன்றரை மைல்வரை அபாயம் என்று எச்சரிக்கின்றன. உருண்டை முனை ஈயம் தண்ணீரிலும் கெட்டித் தரையிலும் பட்டுத் தெறிக்கும். தகடு சுடும்போது குழி விழுந்த தகட்டை ஒதுக்கிவிட்டு, கீழ்நோக்கிச் சாய்த்துத் தொங்கவிட்டு, பத்து கெஜத்துக்குக் குறையாமல் நில்லுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் சுடுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும்.

பழையது வாங்கப் போகிறவர் எடுத்துச் செல்ல வேண்டியது ஒரு சிறு டார்ச்சும் ஒரு பல்குச்சியும். தோட்டா இல்லை என்று உறுதி செய்து, சேம்பர் வாயை டார்ச்சில் பாருங்கள். கொக்கியைப் பல்குச்சியால் தூக்கி ஸ்பிரிங்கின் விறைப்பைப் பாருங்கள். மேகசின் உதடுகளில் இடுக்கி பட்ட தடம் இருக்கிறதா பாருங்கள். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள். மேல் பூச்சு தேய்ந்திருப்பதற்கு விலையில் பேரம் பேசலாம். சேம்பர் வாயில் ஆழமான தழும்பு இருந்தால் பேரம் வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடலாம்.