அலெக்ஸா ஃப்ளோர் 647: டிஸ்டார்முக்கு நல்ல சாயம், பஃபர் சரியாக இருந்தால்

டிஸ்டார்ம் (dSTORM) என்பது, செல்லில் ஒட்டிய சாய மூலக்கூறுகள் தனித்தனியாக மினுங்கும்போது ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து நுண்ணிய படம் சேர்க்கும் நுண்ணோக்கி முறை. அதில் ஒரே நிறத்தில் படம் எடுக்க, அலெக்ஸா ஃப்ளோர் 647-க்கு ஈடான சாயம் அரிது. ஒருமுறை மினுங்கும்போது ஆயிரக்கணக்கில் ஃபோட்டான் தருகிறது, மற்ற நேரமெல்லாம் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் மூலக்கூறு இருக்கும் இடத்தை ஏறக்குறைய 10 நானோமீட்டர் துல்லியத்தில் குறிக்க முடிகிறது. சாதாரண ஒளி நுண்ணோக்கி 200, 250 நானோமீட்டரிலேயே நின்றுவிடும்.

ஆனால் இறுகிப்போகும் மவுண்டிங் மீடியாவில் (மாதிரியை ஸ்லைடில் மூடி வைக்கும் ஊடகம்) வைத்துவிட்டு மினுங்கவில்லையே என்று தேடுவது வீண். சாயம் அணைய தையால் (கந்தகம் உள்ள ஒடுக்கும் சேர்மம்) வேண்டும், ஆக்சிஜன் குறையவும் வேண்டும். 50 மில்லிமோலார் டிரிஸ் (பிஹெச் 8), 10 மில்லிமோலார் உப்பு, 10% குளுக்கோஸ் உள்ள பஃபர் கரைசல் 620 மைக்ரோலிட்டர். அதில் 1 மோலார் எம்.இ.ஏ. (மேலே சொன்ன தையால்) 70 மைக்ரோலிட்டர், ஆக்சிஜனைக் குறைக்க குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் என்ற நொதிகள் சேர்ந்த கரைசல் 7 மைக்ரோலிட்டர். ஐஸில் கலந்து, ஊற்றிய கையோடு கவர்ஸ்லிப் போட்டு மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் காற்றின் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும், நொதி குளுக்கோஸை அமிலமாக்கும், பிஹெச் சரியும். காலையில் பளிச்சென்று மினுங்கியது மதியம் மங்கினால் பழி சாயத்துக்கு வரும். முதலில் பஃபரைப் புதிதாகக் கலந்து பாருங்கள்.

மைக்ரோடியூபுலுக்கு (செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்) க்ளூட்டரால்டிஹைடு ஃபிக்சேஷன் (செல்லை அப்படியே நிலைநிறுத்துவது) நல்லது, பின்னணி ஒளிதான் தொல்லை. அதைக் குறைக்க 0.1% சோடியம் போரோஹைட்ரைடு 7 நிமிடம் போதும். அதை, சாயத்தைச் சுமந்து சென்று குறித்த புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியைப் போடும் முன்பே முடித்துக் கழுவிவிட வேண்டும். பின்னால் போட்டால் சாயமே ஒடுக்கமடைந்து ஒளிராது.

640 நானோமீட்டர் லேசரை முழு வீச்சில் வைத்து, செல் இருண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். அவசரப்பட்டால் ஒட்டிய இரண்டு புள்ளிகளை மென்பொருள் ஒன்றாக்கி நடுவில் வைத்துவிடும், இல்லாத கொத்துகள் படத்தில் முளைக்கும். கடைசியில் புள்ளிகள் குறையும்போது 405 நானோமீட்டர் லேசரைச் சிறிது சிறிதாக ஏற்றலாம். ஆன்டிபாடி ஒன்றுக்கு 1 அல்லது 2 சாயம் போதும். கூடினால் மினுங்கல் கெடும்.

உயிருள்ள செல்லுக்கு இது சரிப்படாது: ஆன்டிபாடி உள்ளே போகாது, பஃபரும் ஒத்துக்கொள்ளாது. இரண்டாம் நிறத்துக்கு சிஎஃப்568 என்ற சாயம் பரவாயில்லை, ஆனால் 647 அளவுக்குத் துல்லியம் கிடைக்காது. இன்னொன்று, இரண்டு அடுக்கு ஆன்டிபாடியின் பருமனால் 25 நானோமீட்டர் மைக்ரோடியூபுல் 50-க்கு மேல் அகலமாகத் தெரியும். அந்த அகலத்தை அளவாக எழுத வேண்டியிருந்தால், 647 ஒட்டிய நானோபாடியை (மிகச் சிறிய ஆன்டிபாடித் துண்டு) வாங்குங்கள்.