வாதம் எழுதப் பழக்கும் பயிற்சி நூல்: மூன்றாம் கட்டத்துக்காக வாங்கலாம்

கதை, கவிதை படித்துத் தன் கருத்தை வாதமாக எழுத 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பழக்கும் நூல் இது. என் ஏழாம் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இந்த வயதில் "உன் கருத்தை எழுது" என்றால் பெரும்பாலும் கதைச்சுருக்கம்தான் வரும். இல்லாவிட்டால், "எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்திருந்தது" என்று இரண்டே வரி. நூல் சரியாக இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. ஒவ்வொரு பயிற்சியிலும் மூன்று கட்டங்கள்: என் கருத்து, கதையில் அதற்குச் சான்று, அது எப்படிச் சான்றாகிறது. ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958-இல் வாதத்தை ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டினார். அதில் முதல் மூன்றை மட்டும் எடுத்திருக்கிறார்கள். இந்த வயதுக்கு அது போதும்.

முதல் இரண்டு கட்டத்தை யாரும் நிரப்பிவிடுவார்கள். மூன்றாவதில்தான் பேனா நிற்கும். ஆமை முயல் கதைக்கு ஒரு மாணவி, "முயல் தோற்றது சோம்பலால் அல்ல, அகந்தையால்" என்று எழுதினாள். சான்று: பாதி வழியில் தூங்கியது. "தூங்கினால் சோம்பேறி என்றுதானே அர்த்தம்?" என்றான் பக்கத்தில் இருந்தவன். நியாயமான கேள்வி. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தவள், "சோம்பேறி பந்தயத்துக்கே வந்திருக்காது. ஆமை எப்படியும் தன்னைப் பிடிக்க முடியாது என்று நினைத்ததால்தான் படுத்தது" என்று எழுதினாள். அதே தூக்கம்தான், இப்போது அவள் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது. இதை நான் கரும்பலகையில் விளக்கியிருந்தால் பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

அப்புறம் குறைகள். "இக்கதையின் வழியே ஆசிரியர் உணர்த்துவது..." என்பது போன்ற தொடக்க வரிகளைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். எழுதத் திணறும் பிள்ளைக்கு முதலில் அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பாடம் வரை அதை விடவே இல்லை. பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எது யாருடைய கட்டுரை என்றே தெரியாது.

கேள்விகள் இன்னும் மோசம். "முயல் செய்தது சரியா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளை "சரி" என்று எழுதும்? இரண்டு பக்கமும் நின்று பேச இடமிருந்தால்தானே வாதம்? "ஆமை வென்றது தன் உழைப்பாலா, முயலின் தப்பாலா?" என்று மாற்றிக் கேட்டேன், வகுப்பு இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்லும் பயிற்சி அரைப் பக்கம்தான், எட்டாம் வகுப்புக்குப் பற்றாது. கவிதைப் பகுதி வெறும் பொழிப்புரைப் பயிற்சி, தாண்டிப் போய்விடலாம்.

மதிப்பெண் அட்டவணையை அப்படியே பின்பற்றாதீர்கள். மேற்கோளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தருகிறது. பிள்ளைகள் விவரமானவர்கள், பத்தி முழுக்க மேற்கோளாக நிரப்பிவிடுவார்கள். ஒரே ஒரு சான்றை எடுத்து நன்றாக விளக்கியவருக்குத்தான் நான் அதிகம் போட்டேன்.

ஆசிரியர் கையேடு தனியாக விற்கிறார்கள். வாங்க வேண்டாம். வாதக் கேள்விகளுக்கு "சரியான விடை" என்று ஒற்றை வரியில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.