ஈரக் காற்றோடு 7 ஆண்டுகள்: வெற்றிடப் பூச்சு இயந்திரத்துடன் என் அனுபவம்

தொலைநோக்கிக் கண்ணாடிகளுக்கு அலுமினியம் பூசுவதற்காகப் காற்று நீக்கிய கூண்டுக்குள் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் பழைய வெற்றிட ஆவிப்படிவு இயந்திரம் ஒன்றை நான் வாங்கி 7 ஆண்டுகள் ஆகின்றன. மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய என் பட்டறையில் அது இயங்குகிறது. பார்க்க வருபவர்கள் அதன் சூட்டைப் பற்றியே கேட்கிறார்கள். சூடேற்றுவது எளிது, இவ்வூரின் ஈரத்தைக் கூண்டிலிருந்து வெளியேற்றுவதற்குத்தான் என் உழைப்பில் பெரும்பகுதி செலவாகிறது.

டங்ஸ்டன் சுருளில் மாட்டிய அலுமினியக் கம்பித் துண்டுகள் 660 பாகை செல்சியஸில் உருகிச் சுருளெங்கும் பரவி, 1200 பாகையைத் தாண்டியதும் விரைவாக ஆவியாகின்றன. அழுத்தம் 0.00001 டார் (வெற்றிடத்தை அளக்கும் அழுத்த அலகு) அளவுக்கு இறங்கியிருந்தால், ஓர் அணு சராசரியாக 5 மீட்டர் வரை எதிலும் மோதாமல் செல்லும் என்பதால், கண்ணாடியை அது நேராகச் சென்றடைகிறது. ஆனால் அதே அழுத்தத்தில் எஞ்சியுள்ள நீராவி, விநாடியில் பத்திலொரு பங்கு நேரத்திலேயே ஒரு பரப்பை ஓரடுக்காக மூடிவிட வல்லது. அலுமினியத்தை மெதுவாகப் படியவிட்டால் அது நீருடன் வினைபுரிந்து ஆக்சைடாகி, பூச்சு பால் படிந்தாற்போல் மங்கிவிடுகிறது. முதல் ஆண்டில் நான் இழந்த கண்ணாடிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வீணாயின. இப்போது 100 நானோமீட்டர் பூச்சை 20 விநாடிகளுக்குள் முடித்துவிடுகிறேன்.

மழைக்கால மாலையில் கூண்டை அரை மணி நேரம் திறந்து வைத்தால், வழக்கமாக 1 மணி நேரத்தில் கிடைக்கும் வெற்றிடம் 3 மணி நேரமாகியும் கிடைப்பதில்லை. சுவரில் சேர்ந்த பழைய அலுமினியப் படிவு நுண்துளைகள் நிறைந்ததாகையால் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் அவ்வப்போது கழுவி, உலர் நைட்ரஜனைச் செலுத்திய பிறகே கூண்டைத் திறந்து, வேலையில்லாத நாள்களிலும் அதை வெற்றிடத்திலேயே வைத்திருக்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது.

என் தந்தை பால்மரம் வெட்டியவர். அவர் வெட்டிய பாலில் உருவாகும் இயற்கை ரப்பர் வெற்றிடத்தில் வாயுவைக் கசியவிடும் என்பதால், இந்த இயந்திரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையங்கள் அனைத்தும் விட்டான் என்னும் செயற்கை ரப்பராலானவை என்று அவரிடம் விளக்கியபோது, அவர் ஒன்றைக் கையிலெடுத்து நெடுநேரம் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறைகளும் உண்டு. உருகிய அலுமினியம் டங்ஸ்டனைச் சிறிது சிறிதாகக் கரைப்பதால், சுருளைச் சில பூச்சுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. சூடான எண்ணெய் ஆவியால் காற்றை வெளியேற்றும் டிஃபியூஷன் பம்ப் ஆறுவதற்கு முன் ஒருமுறை காற்றை உள்ளே விட்டுவிட்டேன். எண்ணெய் கூண்டெங்கும் படிந்து, அனைத்தையும் பிரித்துத் துடைக்க 2 நாள்கள் ஆயின.

இத்தகைய பழைய இயந்திரத்தை வாங்க விரும்புவோர், வெளித்தோற்றத்தைப் பார்ப்பதற்கு முன், வெறுங்கூண்டை மூடி இயக்கச் சொல்லி, அழுத்தம் எத்தனை நிமிடங்களில் எந்த அளவுக்கு இறங்குகிறது என்பதைக் கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதை ஒரு மழை நாளில் செய்யுங்கள்.