நகைக்கு நாற்பது நிமிடம், தறிக்கு நான்கு மாதம்

எங்கள் ஊர்க் கடைவீதியில் உள்ள ஒரு தனியார் வங்கிக் கிளைக்கு (பெயர் வேண்டாம்) முதலில் நகைக்கடனுக்காகப் போனேன். மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் தேய்த்தார், அட்டிகையில் கல் எடையைக் கழித்தார். நாற்பதாவது நிமிடம் பணம் கணக்கில் ஏறிவிட்டது. தேநீர்கூடக் கொடுத்தார்கள்.

அடுத்து, இரண்டு விசைத்தறி வாங்கக் கடன் கேட்டேன். ஜிஎஸ்டி கணக்கு, வருமான வரிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் என நான்கு மாதம் அலைந்தேன். கடைசியில் மேலாளர், "பேசாமல் நகையையே வையுங்கள் அம்மா" என்றார். தங்கம் பெட்டகத்தில் இருந்தால் வங்கிக்குத் தூக்கம் கெடாது. தறி ஓடுமா என்று கணிக்கத்தான் உழைப்பு வேண்டும். அந்தச் சுமையை என் கழுத்துச் சங்கிலியின் மேல் ஏற்றிவிட்டார்கள்.

சேமிப்பை நான் ஒரே வங்கியில் வைப்பதில்லை. 2020 நவம்பரில், கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்குத் தற்காலிகத் தடை வந்தபோது, பொதுவாக 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. அதே மாதம் அது டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைக்கப்பட்டதால் வைப்பாளர்கள் தப்பினார்கள். வங்கி நொடித்தால் கிடைக்கும் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான்.

நகைக்கடனுக்கு நான்கு நட்சத்திரம். தறிக்கடனுக்கு ஒன்று, அதுவும் அந்தத் தேநீருக்காக.