நடுங்கும் கையும் 2000 மி.மீ. ஜூமும்

என் வலது கையில் லேசான நடுக்கம் உண்டு. நிரம்பத் தண்ணீர் ஊற்றிய டம்ளரைக் கொடுத்தால் கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான். இந்தக் கையை வைத்துக்கொண்டு டிரைபாட் இல்லாமல் நிலாவை எடுக்கப்போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். டிரைபாட் இருக்கத்தான் செய்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, மூன்று கால்களையும் விரித்துத் திருகி முடிப்பதற்குள் மேகம் வந்துவிடும். கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், ஐந்து நிமிடத்தில் இறங்கி வருகிற மாதிரி ஒரு கேமராதான் எனக்கு வேண்டியிருந்தது.

வாங்கியது லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் ரகம். ஜூம் 24 மி.மீ.யில் தொடங்கி 2000 மி.மீ. வரை போகும் (எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), 16 மெகாபிக்சல், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சென்சார், எடை ஏறத்தாழ ஒரு கிலோ. பிராண்டு பெயர் வேண்டாம். இந்த அளவு ஜூம் உள்ள எந்தக் கேமராவுக்கும் நான் சொல்வதில் பாதிக்குமேல் பொருந்தும். எட்டு மாதமாக வைத்திருக்கிறேன்.

நிலா வானத்தில் அரை டிகிரி அகலம்தான். கையை நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்தினால் அதன் பாதி அகலத்துக்குள் மறைந்துவிடும். அதே நிலா 2000 மி.மீ.யில் ஃபிரேமின் உயரத்தில் முக்காலுக்குச் சற்றுக் குறைவாக நிறைகிறது. முதன்முறை பார்த்தபோது "அடேங்கப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஆனால் அன்று எடுத்த படங்கள் எல்லாமே வெள்ளைத் தட்டு. ஆட்டோவில் விட்டிருந்தேன். சுற்றிலும் கறுப்பு வானத்தைப் பார்த்த கேமரா, இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை வாரி இறைத்துவிட்டது. நிலாவோ நண்பகல் வெயிலில் கிடக்கும் பாறை, இரவு நமக்குத்தான். பழைய புகைப்படக்காரர்களின் கணக்கு ஒன்று உண்டு: முழுநிலாவுக்கு அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பு, எஃப் 11, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 நொடி. எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது; என் லென்ஸ் முழு ஜூமில் எஃப் 6.5 வரை திறப்பதால் 1/250 வைக்கலாம். பாதி நிலா மங்கலானது, அதற்கு 1/100 வரை இறங்க வேண்டியிருக்கிறது. டயலில் நிலாப் படம் போட்ட ஒரு மோடும் இருக்கிறது. வெளிச்சத்தைச் சரியாகவே பிடிக்கிறது, ஆனால் பள்ளங்களின் ஓரத்தைச் செதுக்கிச் செதுக்கிப் பிளாஸ்டிக் ஆக்கிவிடுகிறது. மூன்று இரவோடு அதை விட்டுவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் நானே வைக்கும் மேனுவல், கேமரா செதுக்காமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைல்.

சரி, நடுக்கம்? கையில் பிடித்து எடுக்க 2000 மி.மீ.க்கு 1/2000 நொடி வேண்டும் என்பது பொது விதி. நான் 1/250-ல் எடுக்கிறேன். மீதியை, கையின் ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் பார்த்துக்கொள்கிறது. தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, முட்டிகளில் முழங்கைகளை ஊன்றி, பர்ஸ்டில், அதாவது ஒரே அழுத்தலில் தொடர்ச்சியாக, அடித்தால் பத்துக்கு ஆறு தெளிவாக வருகின்றன. 1/100 என்றால் இரண்டோ மூன்றோ. பட்டனை அமுக்கும் அந்த முதல் படம் ஒருநாளும் தேறியதில்லை. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

குறை என்றால் ஜூம் நெம்புகோல்தான். தொட்டால் பாய்கிறது, நிலா ஃபிரேமைவிட்டு ஓடிவிடும், எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. பக்கவாட்டில் ஒரு பட்டன், அழுத்திப் பிடித்தால் பார்வை விரிந்து, விட்டால் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அது இல்லையென்றால் கேமராவைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். போதாததற்கு நிலாவும் நிற்பதில்லை, இரண்டே நிமிடத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடுகிறது. மெல்லிய மேகம் குறுக்கே வந்தாலோ ஆட்டோஃபோகஸ் தடுமாறுகிறது. ஒருமுறை பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுவது நல்லது.

முழுநிலாவுக்காகக் காத்திருக்காதீர்கள். நேர் வெயிலில் நிழலே விழாது, எல்லாம் தட்டை. நிலாவின் டைக்கோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெள்ளைக் கீற்றுகளுக்கு வேண்டுமானால் அது சரி. வளர்பிறையில் ஒன்பதாம் நாள் வாக்கில் எடுத்துப் பாருங்கள்: இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டருகே 93 கி.மீ. அகலக் கோப்பர்னிகஸ் பள்ளம் கிண்ணமாகக் குழிந்து நிற்கும். தெற்கே கிளேவியஸ் என்ற பெரும்பள்ளத்துக்குள் வளைவாக வரிசைகட்டிய சிறு பள்ளங்களை என் படத்தில் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. முழு ஜூமில் இந்த லென்ஸ் ஒளி வாங்கும் வாய் 55 மி.மீ.தான், ஏறத்தாழ 4 கி.மீ.க்குக் குறைந்த எதையும் அது பிரித்துக் காட்டாது. டிஜிட்டல் ஜூம் எடுத்த படத்தையே ஊதிப் பெரிதாக்குவதுதான். அடிவானத்தருகே காற்று அலையடிக்கும், நிலா உயரட்டும்.

மைத்துனர் தன் போனில் எடுத்த நிலாவைக் காட்டி "இதுவே போதுமே" என்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2023-ல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, போன் கேமராவில் எடுக்க, அதில் இல்லாத நுணுக்கமெல்லாம் வந்து உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. மைத்துனரிடம் சொல்லவில்லை. என் படம் மங்கலானால் மங்கல்தான். எனக்கு அது பிடித்திருக்கிறது.

பிறையின் இருண்ட பக்கம் லேசாக மினுங்குமே, பூமி திருப்பி அனுப்பும் வெளிச்சம், அது மட்டும் கையில் பிடித்து இதுவரை வரவில்லை. அரை நொடியாவது ஷட்டர் திறந்திருக்க வேண்டும். போன மாதம் அதற்காக டிரைபாட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். மூன்றாவது காலைத் திருகிக்கொண்டிருந்தபோது மேகம் வந்தது.